ஆறாவது ஷரத்து

ஜூன் 2, திங்கள்

எழுதி வைக்க ஆளில்லாமல் தொலைந்துபோன மன்னர்கள் ஏராளம். தாராபுரம் நாச்சிமுத்துவுக்கு அந்தக் கதி வரக்கூடாது என்பதால், இன்று முதல் என் சரித்திரத்தை நானே எழுதுகிறேன். டைரி உரக்கடையில் இனாமாகக் கொடுத்தது, இரண்டு வருடம் பழசு. கிழமைகள் பொருந்தாது. அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.

என் சாம்ராஜ்யம்: அறுநூற்று இருபது பிளாஸ்டிக் நாற்காலிகள், நாற்பது மேஜைகள், பதினோரு அண்டா, மணமக்கள் உட்கார சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் ஒரு ஜோடி. எல்லாம் வாடகைக்கு. நாற்காலிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிறுத்தினால் பழனி மலை வெட்கப்பட்டு நான்கு அடி குனியும்.

சாம்ராஜ்யம் என்றால் மந்திரிசபை வேண்டுமே. ஐந்து பேர் இருக்கிறார்கள். ஐவருக்கும் நான் தரவேண்டியது ஆறு லட்சத்து நாற்பதாயிரம். திங்கள் பைனான்ஸ் குமரேசன். செவ்வாய் இட்லிக்கடை பாவாத்தாள். வியாழன் தார்ப்பாய்க் கடை ஹபிபுல்லா பாய். சனி கேஸ் ஏஜென்சி மேனேஜர். மாதத்தில் இரண்டு ஞாயிறு ஈரோட்டு ஜவுளிக்காரர். புதனும் வெள்ளியும் அரசு விடுமுறை.

இன்று குமரேசன். சர்க்கரை போடாத டீ கொடுத்தேன். அவனுக்குச் சுகர். ஊரில் அது தெரிந்தது அவன் மனைவிக்கும் எனக்கும்தான்.

"மாமா, வட்டியாச்சும் குடுங்க."

"அடுத்த வாரம்டா குமரேசா."

"போன வாரமும் இதத்தானுங்க சொன்னீங்க."

"பாத்தியா, சொன்ன சொல் மாறாதவன் நான்."

சிரிக்காமல் குடித்து முடித்தான். இருந்த நேரம்: முப்பத்தைந்து நிமிடம்.

ஜூன் 3, செவ்வாய்

பாவாத்தாளின் குரலுக்கு அமராவதி ஆறு ஒரு முழம் பின்வாங்கும். கேட்டைத் திறக்கும்போதே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, நூறு இட்லி வித்தா எனக்கு நிக்கறது எவ்வளவுன்னு தெரியுமுங்களா? எம்பட எம்பதாயிரத்துக்கு எத்தன இட்லின்னு கணக்குப் போட்டுப் பாருங்க!"

"போட்டேன் அம்மிணி. வரிசையா வெச்சா மூலனூர் வரைக்கும் போகுது. சட்னிக்குத்தான் டேங்கர் லாரி சொல்லோணும்."

சிரிப்பு வரப் பார்த்தது அவளுக்கு. முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு மறுபடியும் திட்டினாள். என் சோம்பேறித்தனம், என் வாய், முற்றத்தில் குவிந்த சருகு, நான் போட்டிருந்த பனியனின் ஓட்டை, எதையும் விட்டு வைக்கவில்லை. போகும்போது ஸ்டூல் மேல் ஒரு பொட்டலம் வைத்தாள்.

"கடையில மிச்சமாயிருச்சு. கொட்டறதுக்குப் பதிலா."

நான்கு இட்லி. ஆவி பறந்தது. மிச்சமான இட்லி சூடாக இருப்பது இயற்கையின் விந்தைகளில் ஒன்று. நேரம்: ஐம்பது நிமிடம்.

ஜூன் 4, புதன்

விடுமுறை. கேட்டுக்கு எண்ணெய் போட்டேன்.

ஜூன் 5, வியாழன்

ஹபிபுல்லா பாய் டீயைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். அவர் தொடவில்லை என்றால் செய்தி பெரியது.

"மாமா, வெளிப்படையா சொல்லிடறனுங்க. குமரேசன் கோர்ட்டுக்குப் போறங்கறாரு. வீட்டை ஜப்தி பண்ணோணும்ங்கறாரு. நாங்க நாலு பேரும் புடிச்சு வெச்சிருக்கறோம்."

"எத்தன நாளைக்குப் புடிச்சு வெச்சிருப்பீங்க?"

"இந்த மாசக் கடைசி வரைக்கும். அதுக்குள்ள சுகந்தி வக்கீலம்மா மூலமா ஒரு ஒப்பந்தம் எழுதிப் போட்டுரலாம். மாசாமாசம் தவணை. எழுதிட்டா அப்பறம் யாருமே உங்கள தொந்தரவு பண்ணமாட்டோம்."

"தொந்தரவுன்னு யாரு பாய் சொன்னது?"

அவர் டம்ளரைப் பார்த்தார். டீ ஆறிவிட்டது. வேறு போட்டுக் கொடுத்தேன். மொத்தம் ஒரு மணி ஐந்து நிமிடம்.

ஜூன் 6, வெள்ளி

தங்கச்சி ருக்குமணியின் புது வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சு. அழைப்பு வாட்ஸப்பில் வந்தது. நேரில் வந்து என் பொன்னான நேரத்தை வீணாக்கக் கூடாது என்ற அக்கறை. அவள் வீடு இங்கிருந்து மூன்று தெரு.

முந்நூறு நாற்காலிகளைத் துடைத்து வைத்தேன். தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு வாடகையா வாங்குவேன்?

ஜூன் 8, ஞாயிறு

காலை ஆறரைக்கு வேறொரு கடையின் வண்டி நாற்காலி ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனது. நீல நாற்காலி. என்னுடையவை வெள்ளை. புது வீட்டுச் சுவருக்கு நீலம்தான் எடுப்பாக இருக்கும்.

உள்ளூர் வேலை இருந்ததால் போகவில்லை. என்ன வேலை என்று எழுத இடம் போதாது.

ஜூன் 11, புதன்

வக்கீல் சுகந்தியின் ஆபீஸ் ஜெராக்ஸ் கடைக்கு மாடியில். முப்பது வயதிருக்கும். கடன் கொடுத்தவர் பெயர், தொகை, தேதி, வாங்கிய காரணம் என்று கட்டம் போட்டு எழுதினார்.

காரணம் என்ன என்று ஐந்து முறை கேட்டார். "தொழில் விரிவாக்கம்" என்று ஐந்து முறையும் முழங்கினேன்.

"ஐயா, அஞ்சு கடனும் ஒரே வருஷம் ஆவணிக்கும் தைக்கும் நடுவுல வாங்கியிருக்கீங்க. அப்படி என்னங்க விரிஞ்சுது?"

"சிம்மாசனம் வாங்கினேன்."

"ஆறு லட்சத்துக்கா?"

"தங்க முலாம்."

பேனா நின்றது. "உங்க வீட்டம்மா தவறுனது எப்பங்க?"

"தை."

ஐந்து கட்டத்திலும் 'மருத்துவச் செலவு' என்று எழுதிக்கொண்டார். சம்பந்தமில்லாத கேள்வி கேட்பது வக்கீல்களுக்குத் தொழில் வியாதி. நான் திருத்தச் சொல்லவில்லை. கையெழுத்து அழகாக இருந்தது, கெடுப்பானேன்.

ஜூன் 24, செவ்வாய்

மந்திரிசபை முழுவதும் வக்கீல் ஆபீசில் கூடியது. அங்கே நாற்காலி போதாது என்று தெரிந்து நானே ஆறு நாற்காலிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். கடன்காரனின் நாற்காலியில் உட்கார்ந்து கடன்காரனுக்கே கெடு வைத்த சபை இந்தப் பூமியில் இது ஒன்றுதான்.

வக்கீலம்மா வாசித்தார். மாதம் பதினாறாயிரம், நாற்பது தவணை. ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி நான் பேங்கில் கட்ட வேண்டும், வக்கீலம்மா ஐவருக்கும் பிரித்து அனுப்புவார். தவறினால் மூன்று நாள் அவகாசம். எட்டாம் தேதி மாலை நான்கு மணி தாண்டினால் ஒப்பந்தம் ரத்து, வீட்டை விற்று எடுத்துக்கொள்ளலாம். வீட்டுப் பத்திரம் அதுவரை வக்கீலம்மாவிடம் இருக்கும். யாரும் தனியாகப் போய்த் தனியாகப் பணம் வாங்கக் கூடாது.

எல்லாம் நியாயம். எல்லாவற்றுக்கும் மகாராஜா போல் தலையசைத்தேன். பிறகு ஆறாவது ஷரத்து வந்தது.

"ஒப்பந்தம் நடைமுறையில் உள்ளவரை, கடன் கொடுத்தவர் எவரும் கடன் பெற்றவரின் வீட்டுக்கோ தொழில் இடத்துக்கோ நேரில் வருவதோ தொலைபேசியில் அழைப்பதோ கூடாது."

"அது அவ்வளவு அவசியமுங்களா?" என்றேன்.

"உங்களுக்காகத்தானுங்க ஐயா போட்டேன். இவங்க மாத்தி மாத்தி வந்து உங்க நிம்மதியக் கெடுக்கறாங்க."

"எப்பவாச்சும் ஒருதடவ வந்து பாத்துட்டுப் போறதுன்னா…"

"ஒருத்தரை விட்டா அஞ்சு பேரும் வருவாங்க."

ஆமாம், வருவார்கள். அதற்குமேல் வாதாட என்னிடம் சட்டப் புத்தகம் இல்லை.

ஜூன் 30, திங்கள்

கையெழுத்துப் போட்டேன். ஒவ்வொரு பக்கத்திலும், யானை நடந்த தடம் மாதிரி. ஐவரும் போட்டார்கள். பாய் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுத்தார். குமரேசன் ஒன்றைப் பிய்த்துப் பாதியை எனக்குக் கொடுத்தான்.

படி இறங்கும்போது பாவாத்தாள் சொன்னாள், "இனி உங்களுக்கு நிம்மதிங்க மாமா."

"ரொம்ப அம்மிணி."

ஜூலை 1, செவ்வாய்

காலிங் பெல் பழுதோ என்று சந்தேகம். வெளியே போய் நானே அழுத்திப் பார்த்தேன். நன்றாக அடிக்கிறது.

ஜூலை 3, வியாழன்

பழக்கதோஷத்தில் பாய்க்கும் சேர்த்து டீ போட்டுவிட்டேன். இரண்டையும் நானே குடித்தேன்.

ஜூலை 5, சனி

முதல் தவணை. வெள்ளை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, திருநீறு. பட்டாபிஷேகத்துக்குப் போவது போலத்தான் போனேன். கவுண்டரில் இருந்த தம்பி தலையைத் தூக்காமல் எண்ணி, தலையைத் தூக்காமல் சீல் குத்தி, சீட்டைத் தள்ளினான்.

நேரம்: நான்கு நிமிடம்.

ஜூலை 15, செவ்வாய்

ஷரத்து அவர்கள் இங்கே வரக்கூடாது என்கிறதே தவிர, நான் அங்கே போகக்கூடாது என்று எங்கே சொல்கிறது? என் மூளைக்குத் தனியாகச் சிலை வைக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டு பின்புறம் இட்லிக்கடைக்குப் போனேன்.

பாவாத்தாள் என்னைப் பார்த்ததும் கரண்டியை வைத்துவிட்டு ஓடி வந்தாள். குரல் தாழ்ந்திருந்தது. பாவாத்தாளுக்குத் தாழ்ந்த குரல் உண்டு என்பது எனக்குப் புதுச் செய்தி.

"மாமா, இங்கெல்லாம் வராதீங்க. குமரேசன் ஆளுக இங்கதான் டிபன் சாப்பிடறாங்க. பாத்தா நான் தனியா வட்டி வாங்கறன்னு வக்கீலம்மாகிட்டச் சொல்லிப்போடுவாங்க. ஒப்பந்தம் கெட்டுச்சுன்னா உங்க வீடு போயிருமுங்க."

"இட்லி திங்கறது குத்தமா?"

"பார்சல் தர்றேன். வெசையாக் கெளம்புங்க."

வெசையாகக் கிளம்பினேன். வீட்டுக்கு வந்தபோது இட்லி ஆறியிருந்தது. இது மிச்சமானது இல்லை, காசு கொடுத்தது.

ஜூலை 22, செவ்வாய்

வக்கீலம்மாவுக்கு போன் செய்தேன்.

"சும்மாதானுங்க கூப்புட்டேன்."

"யாராவது ஆறாவது ஷரத்தை மீறுனாங்களா?"

"இல்லீங்க. யாருமே மீறலை."

"பாத்தீங்களா ஐயா, எவ்வளவு நல்லா வேலை செய்யுது!"

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. ஆற்றங்கரையில் கூட்டம். மாரியம்மன் கோயில் அன்னதானத்துக்கு என் நாற்காலி ஐந்நூறு, மேஜை மொத்தமும், அண்டா எட்டு, ஒரு வாரத்துக்குப் போயிருந்தன. ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, பந்தல்காரன் பட்டினி என்று ஊரே நினைக்கும். ஆத்தா நினைக்கவில்லை. பழைய பாக்கியும் சேர்த்துக் கொடுத்தார்கள். பதினாறாயிரத்தைத் தனியாக எண்ணிக் கவரில் போட்டுவிட்டேன். நோட்டெல்லாம் மஞ்சள் வாசம்.

ஒரு ஆள் ஒரு நாற்காலியைக் காட்டி, "இது நம்ம மாமா கடை நாற்காலி, உக்காந்தா எந்திரிக்க மனசு வராது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். அவர் எனக்குத் தெரியாதவர். நான் தூரத்தில் நின்றிருந்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

இரண்டாம் தவணை நாள். முழங்கால் வலி, பேங்குக்குப் போக முடியவில்லை.

அந்த முழங்காலோடு கிடங்கில் ஏறி ஐந்து நாற்காலிகளை இறக்கி, சோப்புப் போட்டுக் கழுவி, முன்வாசலில் கேட்டைப் பார்த்த மாதிரி போட்டேன். சும்மா, வெயில் படட்டும் என்று. பிளாஸ்கில் டீ. ஐந்து டம்ளர். ஒன்றில் சர்க்கரை இல்லை.

தவணை தவறினால் கடன் கொடுத்தவன் கேட்டு வருவது உலக வழக்கம். இதைப் பொது அறிவுக்காகக் குறித்து வைக்கிறேன்.

யாரும் வரவில்லை. மூன்று நாள் அவகாசம் இருக்கிறதே, அவர்களும் பெருந்தன்மையானவர்கள்.

ஆகஸ்ட் 6, புதன்

வக்கீலம்மாவின் போன் மூன்று தடவை அடித்தது. எடுக்கவில்லை. போனுக்கு டீ கொடுக்க முடியாது.

ஆகஸ்ட் 7, வியாழன்

பதினோரு மணிக்குக் கேட் சத்தம். முழங்கால் வலியை மறந்து ஓடினேன்.

தெரியாத ஆள். கையில் அளக்கிற டேப். "குமரேசன் அனுப்புனாருங்க. வீட்டு நீளம் அகலம் பாத்துட்டு வரச்சொன்னாரு." தான் வராமல் டேப்பை அனுப்பினால் ஷரத்தில் மாட்டாது. குமரேசன் படித்தவன்.

ஒற்றை ஆளாக எப்படி அளப்பார்? மறுமுனையை நான் பிடித்தேன். வடக்குச் சுவர் முப்பத்தெட்டு அடி. முப்பத்தொரு வருடம் குடியிருந்தும் எனக்கு இது தெரியாது. உள் அறைக்கு வந்தபோது மட்டும் வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரி தெய்வானையின் கட்டில் அங்கே இருக்கிறது. கட்டில் வாங்குவதற்கு முன் அளந்து பார்த்திருக்கிறோம்: பத்துக்குப் பன்னிரண்டு. எழுதிக்கொண்டார்.

ஐந்து நாற்காலிகளில் ஒன்றில் உட்கார வைத்து டீ கொடுத்தேன்.

"நல்லா இருக்குதுங்க டீ."

"ஏலக்காய்."

நாற்பது நிமிடம்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

காலை பத்து மணிக்குச் சட்டை போட்டு, கவரைப் பையில் வைத்து, பேங்குக்குக் கிளம்பினேன். கேட் வரைக்கும் போனேன். நான் போன நேரம் பார்த்து யாராவது வந்துவிட்டால்? திரும்பி வந்தேன். பதினொன்றரைக்கு மறுபடியும் கேட் வரைக்கும் போனேன். ஒரு மணிக்கு இன்னொரு தடவை. வீட்டை இழக்கப் போகிற அளவுக்கு நான் முட்டாள் இல்லை. மூன்றரைக்குக் கண்டிப்பாகப் போயிருப்பேன். அநேகமாக.

இரண்டு ஐம்பதுக்குத் தெருவில் ஒரு டிவிஎஸ் வண்டி நின்றது.

"மாமா! மாமோவ்!"

தெருவே ஜன்னலைத் திறந்தது. கேட்டுக்கு வெளியே பாவாத்தாள். இடுப்பில் ஏப்ரன் துணி அவிழ்க்காமல், நெற்றியெல்லாம் மாவு.

"உள்ள வா அம்மிணி."

"வரமாட்டனுங்க. ஆறாவது ஷரத்து. நீங்க வெளிய வாங்க."

ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டுக்கு வெளியே தெருவில் போட்டேன். "இது முனிசிபாலிட்டி இடம். ஷரத்து இங்க செல்லாது. உக்காரு."

அவள் உட்காரவில்லை. மடியிலிருந்து சுருக்குப்பையை எடுத்து அவிழ்த்தாள்.

"வக்கீலம்மா நேத்து போன் பண்ணுனாங்க. நீங்க கட்டலீங்களாமா. நாலு மணியோட எல்லாம் போச்சுங்களாமா. ஆடி மாசம், உங்களுக்கும் பாவம் எங்கிருந்து வரும்? இந்தாங்க, எங்கிட்ட ஆறாயிரம் இருந்துச்சு. பாய் அஞ்சாயிரம் குடுத்தாரு, யாருக்கும் சொல்லாதீங்கன்னாரு. மிச்சம் அஞ்சாயிரம் உங்ககிட்ட இருக்குமுங்களா? இல்லீன்னா சொல்லுங்க, கம்மலு இருக்குது, வழியில அடகு வெச்சுட்டுப் போயரலாம்."

 

பையிலிருந்து கவரை எடுத்து அவள் கையில் வைத்தேன். எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். முகர்ந்து பார்த்தாள்.

"கோயில் பணமுங்களா? எப்ப வந்துது?"

"மூணாந்தேதி."

"அப்ப ஏனுங்க அஞ்சாந்தேதி…"

கேட்டுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். கழுவித் துடைத்த நான்கு நாற்காலிகள், ஸ்டூல் மேல் பிளாஸ்க், வரிசையாக ஐந்து டம்ளர். பாவாத்தாள் திட்டாமல் நின்றது எனக்குப் பயமாக இருந்தது. நல்லவேளை, ஆரம்பித்தாள்.

"பைத்தியமுங்களா மாமா உங்களுக்கு? வீடு போயிருக்குமுங்க! தெய்வானக்கா ஆஸ்பத்திரில படுத்திருந்தப்ப அந்த வீட்டத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. நாலு பேரு வந்து டீ குடிக்கறதுக்கு அதய வெச்சு வெளயாடுவீங்களா? ஏறுங்க வண்டில! மூணேகால் ஆகப்போகுது!"

ஏறினேன். தாராபுரம் வரலாற்றில் ஒரு மகாராஜா டிவிஎஸ் வண்டியின் பின்னால், மாவு டின்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனது இதுவே முதல் தடவை. வழி முழுக்கத் திட்டினாள். காற்றில் பாதி கேட்கவில்லை. கேட்காத பாதிக்கும் "ஆமா அம்மிணி" என்றேன்.

பேங்க் கவுண்டரில் மூன்று நாற்பத்தாறு. அதே தம்பி. தலையைத் தூக்காமல் சீலை எடுத்தான்.

"தம்பி," என்றாள் பாவாத்தாள், "சித்தே தலையத் தூக்கி ஆளைப் பாத்துட்டுக் குத்துங்க."

தூக்கினான். பார்த்தான். "வாங்க மாமா," என்றான். எங்கள் ஊர்க் கல்யாணம் எதிலோ என் நாற்காலியில் உட்கார்ந்தவனாக இருக்கும்.

திரும்பி வந்து கேட்டுக்கு வெளியே இறக்கிவிட்டாள். நாற்காலி தெருவிலேயே கிடந்தது. இப்போது உட்கார்ந்தாள். டீ கொண்டுவந்தேன்.

"ஷரத்தை மாத்தச் சொல்லி வக்கீலம்மாகிட்டப் பேசட்டுங்களா?"

"வேண்டாம் அம்மிணி. என்னன்னு சொல்லுவ?"

டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"செவ்வாக்கெழம செவ்வாக்கெழம இந்த எடத்துல நாற்காலி கெடக்கோணும். கேட்டுக்குள்ள கால் வெக்கமாட்டேன். பணத்தப் பத்திப் பேசமாட்டேன். திட்டறதுக்கு மட்டும் வருவேன். திட்டக்கூடாதுன்னு எந்த ஷரத்துலயும் எழுதலையில்ல?"

"எழுதலை."

"பனியன மாத்துங்க மொதல்ல."

நேரம் குறிக்க மறந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9, சனி

முழங்கால் வலி இல்லை. கடையில் புதுப் பனியன் இரண்டு வாங்கினேன். ஐந்நூறு நாற்காலிகள் கோயிலில் இருந்து திரும்பி வந்தன. எண்ணி அடுக்கினேன், ஒன்றும் குறையவில்லை.

பிறகு ஒன்றை மட்டும் இறக்கித் தனியே வைத்தேன். முதுகுப் பக்கம் கறுப்புப் பெயிண்டில் 'வாடகைக்கு இல்லை' என்று எழுதினேன். காய்ந்துகொண்டிருக்கிறது.

சாம்ராஜ்யத்தின் கணக்கில் திருத்தம்: இனி அறுநூற்றுப் பத்தொன்பது.